மின்சாரக் கிதாரின் தண்டியும் தந்தியும்

மின்சாரக் கிதார் என்றவுடன் நம்மிற் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் பேரொலியே. அந்த ஒலிக்குக் காரணமான காந்தத்தையும் கம்பிச் சுருளையும் பற்றிப் பலரும் பேசுவர். ஆயினும், அந்த வாத்தியம் வாசிப்பவர் கைக்கு இசைவதும் இசையாமற் போவதும் காந்தத்தைப் பொறுத்தவை அல்ல. நீண்டு மெலிந்த ஒரு மரத்துண்டையும், அதன்மேல் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த உயரத்தில் ஓடும் ஆறு எஃகுத் தந்திகளையும் பொறுத்தவை. அந்த மரம் எவ்வளவு வளையலாம், அந்தத் தந்திகள் எவ்வளவு உயரலாம் என்ற வினாவுக்கு விடை தேடிய வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

இது தொழில்முறை இசைவாணர்க்கு மட்டும் உரிய பொருள் அன்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று கூடத்து மூலையில் ஒரு கிதார் சாய்ந்திருப்பதைக் காணலாம். பிள்ளை ஆவலோடு பயிலத் தொடங்குகிறான். சில வாரங்களில் விரல் நுனி கன்றிப் போகிறது. அழுத்திய இடத்தில் சுரம் பிறவாமல் கரகரப்பே பிறக்கிறது. இவனுக்குச் சங்கீதம் வராது என்று பெற்றோர் முடிவு கட்ட, வாத்தியம் பரண்மேல் ஏறிவிடுகிறது. பல வேளைகளில் குறை பிள்ளையின் கையில் இல்லை. தந்தியின் உயரத்தில் இருக்கிறது. ஒரு திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினால் தீரக்கூடிய குறைக்காக ஓர் இளம் உள்ளத்தின் ஆர்வம் பலியாவது இரங்கத்தக்கது அன்றோ? ஆகவே இவ்வரலாற்றை அறிவதிற் பயன் உண்டு.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்குப் புதிய பொருள் ஒன்று எதிர்ப்படும்போது, புதுச் சொல் புனைவதா, பழஞ்சொல் ஏதேனும் உண்டா என்று தேடுவதா என்ற கேள்வி எழுவது இயல்பு. கிதாரைப் பொறுத்தவரை புனைய வேண்டிய தேவை மிகக் குறைவு. வீணைக்காரர்கள் நமக்காக முன்னமே சொற்களைச் சேமித்து வைத்துள்ளனர். கிதாரின் தலையிலிருந்து உடல்வரை நீளும் பகுதி தண்டி. அதன்மேற் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள் மெட்டுகள். தந்திகளை உடற்பக்கத்தில் தாங்குவது குதிரை. தலைப்பக்கத்தில் தந்திகள் படிந்து செல்லும் காடிகள் கொண்ட சிறு கட்டை மேரு. சுருதி கூட்டும் முளைகள் பிருடைகள். தந்திக்கும் மெட்டுக்கும் இடையே உள்ள வெளியைக் கிதார்க்காரர் ஆக்‌ஷன் என்பர். நாம் தந்தி உயரம் எனலாம். தண்டியின் முகப்பில் வேண்டுமென்றே விடப்படும் மிகச் சிறிய குழிவை ரிலீஃப் என்பர். நாம் உள்வளைவு எனலாம்.

சொற்கள் ஒன்றாயினும் அமைப்பில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகிற் பதிக்கப்பட்டவை. மேளம் கட்டுதல் என்று நாம் சொல்லும் அந்தப் பணியில், கைவினைஞர் ஒவ்வொரு மெட்டையும் மெழுகில் உயர்த்தியும் தாழ்த்தியும் நகர்த்தியும் செவியால் தேர்ந்து அமைக்கிறார். பலாமரத் தண்டி பருமனானது. அது வளைவதைப் பற்றி அவர் அதிகம் கவலைப்படுவதில்லை. வடநாட்டுச் சிதாரிலும் மெட்டுகள் நூலாற் கட்டப்பட்டவை. வேண்டும்போது அவற்றை நகர்த்தலாம். கிதாரிலோ மெட்டுகள் மரத்தில் அறைந்து பதிக்கப்பட்டவை. தண்டியோ ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் மெல்லிய மரம். வீணையில் தண்டி நிற்க, மெட்டு அசைகிறது. கிதாரில் மெட்டு நிற்க, தண்டி அசைகிறது. கிதார் செய்தோர் எதிர்கொண்ட இடர்ப்பாடுகள் யாவும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைத்தவை எனலாம்.

தண்டி ஏன் அசைகிறது? நாணேற்றிய வில்லை நினைத்துப் பாருங்கள். நாண் இழுக்க வில் வளைகிறது. கிதாரின் ஆறு தந்திகளும் நாண்கள், தண்டி வில். இன்று மின்சாரக் கிதாரிற் பெரிதும் வழங்கும் மெல்லிய தந்திகளே, சுருதி கூட்டியபின், ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடையின் விசையோடு இழுக்கின்றன. மின்சாரம் இல்லாத எஃகுத் தந்திக் கிதாரில் இந்த இழுப்பு 70 கிலோவையும் கடக்கும். இரவும் பகலும் ஓயாத இந்த இழுப்புக்கு எந்த மரமும் சிறிதேனும் வளைந்து கொடுக்கவே செய்யும்.

அவ்வாறாயின், தண்டியை அளவுகோல் போல் நேராக நிறுத்திவிட்டால் போதாதா என்று தோன்றலாம். போதாது. மீட்டிய தந்தி இரு முனைகளில் அசையாமல் நிற்கிறது. நடுவிலேதான் அதன் ஊசலாட்டம் அகன்று விரிகிறது. விரிந்தாடும் அந்த இடத்தில் மெட்டுகள் சற்றே தாழ்ந்து விலகி நின்றால்தான் தந்தி அவற்றில் உரசாமல் ஒலிக்கும். ஆகவே நல்ல தண்டி முற்றிலும் நேரானதன்று. ஒரு தடித்த தாளின் கனமளவு குழிந்தது. அந்தக் குழிவு மிகுந்தால், நடு மெட்டுகளில் தந்தி எட்டாத உயரத்துக்குப் போய் விரலை வருத்தும். குறைந்தாலோ, அல்லது தண்டி எதிர்ப்புறமாக முதுகு வளைந்தாலோ, தலைப்பக்கத்து மெட்டுகளில் கரகரப்பு எழும். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள நூலிழைப் பாதையைத் தேடுவதுதான் கிதார் செப்பனிடும் கலை.

பழைய ஐரோப்பாவில் இந்த இடர் இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை. 16, 17-ஆம் நூற்றாண்டுகளிற் செழித்த லூட் என்னும் வாத்தியத்துக்கு ஆட்டுக் குடல் நரம்பே தந்தி. மெட்டுகளும் தண்டியைச் சுற்றிக் கட்டிய நரம்புகளே. தலைப்பக்கத்தில் தடித்த நரம்பும் உடலை நெருங்க நெருங்க மெல்லிய நரம்புமாகக் கட்டினால், தந்தி உயரம் தானே ஒழுங்குபடும். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892) இன்றைய செவ்வியல் கிதாருக்கு வடிவம் தந்தபோதும் நரம்புத் தந்திகளே வழங்கின. அவற்றின் இழுப்பு மிதமானது. அகன்ற மரத் தண்டி துணையின்றியே அதைத் தாங்கிற்று.

அமெரிக்காவில் நிலைமை மாறிற்று. பெரிய மண்டபங்களில் பாஞ்சோவுக்கும் ஊதுகருவிகளுக்கும் நடுவே கிதாரின் மெல்லிய குரல் எடுபடவில்லை. ஒலி வேண்டுமாயின் எஃகுத் தந்தி வேண்டும்; எஃகுத் தந்தி பூட்டினால் தண்டி வளையும். ஜெர்மானிய நாட்டிலிருந்து 1833-இல் நியூயார்க் வந்து, பின்னர் பென்சில்வேனியாவில் நிலைகொண்ட மார்ட்டின் குடும்பத்தார், 1920-களில் எஃகுத் தந்திக்கேற்ற கிதார்களைச் செய்யலாயினர். தண்டிக்குள் கருங்காலிச் சட்டத்தைப் புதைத்து வலுவூட்டிய அவர்கள், 1934-இல் அதனை விடுத்து எஃகுச் சட்டத்தைப் புதைத்தனர். இரண்டாம் உலகப் போரில் எஃகுக்குத் தட்டுப்பாடு வந்தபோது மீண்டும் கருங்காலியையே நாடினர். இவை யாவும் வளைவைத் தடுக்கும் வழிகளே. வளைந்தபின் திருத்தும் வழிகள் அல்ல. தொழிற்சாலையை விட்டு வெளியேறிய தண்டி காலப்போக்கில் வளைந்தால், கைதேர்ந்த வினைஞர் ஒருவர் மெட்டுகளைக் களைந்து, பலகையை இழைத்து, மீண்டும் பதிக்க வேண்டியதுதான்.

திருத்தும் வழி மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ என்னும் ஊரிற் பிறந்தது. அங்கிருந்த கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மக்ஹியூ என்பவர், தண்டியின் உள்ளே நீளவாக்கில் ஓர் இரும்புக் கம்பியைப் புதைத்து, அதன் முனையை ஒரு நட்டினால் இறுக்கவும் தளர்த்தவும் வழி செய்தார். அதற்கான காப்புரிமை விண்ணப்பம் 1921-இல் அளிக்கப்பட்டது. உரிமை 1923-இல் வழங்கப்பட்டது. டிரஸ் ராடு என்று இன்றளவும் வழங்குவது இக்கம்பியே. பாலத்தையும் கூரையையும் தாங்கும் இழுவைக் கம்பிக்கு உள்ள பெயரே இதற்கும் வந்தது.

இது வேலை செய்யும் முறை எளிது. கம்பியை நேராக வைக்காமல், நடுப்பகுதி தண்டியின் முதுகுப்புறம் தாழ்ந்திருக்குமாறு வளைத்துப் புதைப்பது வழக்கம். நட்டை இறுக்கும்போது வளைந்த கம்பி நேராக முயல்கிறது. அம்முயற்சியில் தண்டியின் நடுவை விரற்பலகைப் பக்கம் தள்ளுகிறது. தந்திகள் ஒரு புறம் வளைக்க, கம்பி மறுபுறம் வளைக்க, இரண்டும் சமனாகும் இடத்தில் தண்டி நிற்கிறது. நட்டைத் தளர்த்தினால் தந்தியின் கை ஓங்கும். இறுக்கினால் கம்பியின் கை ஓங்கும். அதே காலத்தில் கிப்சன் கிதார்களின் குதிரையிலும் இரு சிறு சக்கரங்கள் பொருத்தப்பட்டு, அதனை உயர்த்தவும் தாழ்த்தவும் வசதி ஏற்பட்டது. 1922-இல் வெளிவந்த எல்-5 என்னும் கிதாரில் இவ்விரண்டும் அமைந்திருந்தன. அதுவரை செய்தவன் கையில் மட்டும் இருந்த அதிகாரம் வாசிப்பவன் கைக்கு மாறிய தருணம் இது. மார்ட்டின் நிறுவனமோ 1985-ஆம் ஆண்டில்தான் திருத்தக்கூடிய கம்பியை ஏற்றது என்பதிலிருந்து, இம்மாற்றத்தை எல்லோரும் உடனே வரவேற்கவில்லை என்பது புலனாகும்.

மின்சாரம் வாத்தியத்துள் நுழைந்த வரலாறு சுவையானது. முதன்முதல் விற்பனைக்கு வந்த மின்சாரக் கிதார்களுள் முதன்மையானது தண்டியின் வளைவைப் பற்றிக் கவலையே படவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜார்ஜ் போஷாம்ப், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் ஆகியோர் 1932-இல் விற்கத் தொடங்கிய அந்தக் கிதார் அலுமினியத்தில் வார்க்கப்பட்டது. வட்ட உடலும் நீண்ட கைப்பிடியுமாக இருந்ததால் வாணலி என்றே அதனைக் கேலியாக அழைத்தனர். அது ஹவாய் முறைக் கிதார். மடியிற் படுக்கவைத்து, தந்தியின்மேல் உருக்குத் துண்டை வழுக்கி வாசிப்பது. தந்தி மெட்டைத் தொடவே கூடாதாகையால், அது எவ்வளவு உயர்ந்திருந்தாலும் குற்றம் இல்லை. வேறொரு இடர்தான் எழுந்தது. மேடை விளக்குகளின் வெப்பத்தில் அலுமினியம் விரிந்து சுருதி விலகிற்று.

நம் நாட்டில் கிதார் பரவியதிலும் இந்த ஹவாய் முறைக்குப் பெரும் பங்கு உண்டு. ஹவாயிலிருந்து வந்த டாவ் மோ குடும்பத்தார் 1940-களில் கல்கத்தாவிற் சில ஆண்டுகள் தங்கி வாசித்தனர். வங்காளத்தில் சுனில் கங்கூலியும், பம்பாய்த் திரையிசையில் வான் ஷிப்லியும் மின்சார ஹவாய் கிதாரால் புகழ் பெற்றனர். பிரிஜ் பூஷண் காப்ரா அதே வழுக்கு முறையில் இந்துஸ்தானி இராகங்களை விரித்தார். பழைய கிராமபோன் தட்டுகளில் இவ்வொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நேயர்களில் பலர் இருக்கக்கூடும். உயர்ந்த தந்தி ஒரு குறையன்று, வாசிக்கும் முறைக்கேற்ற ஓர் அமைப்பு என்பதை இக்கலைஞர்கள் நமக்குக் காட்டுகின்றனர்.

விரலால் அழுத்தி வாசிக்கும் கிதாருக்கு மின்சாரம் வேறொரு விடுதலையைத் தந்தது. மின்சாரத்தின் துணையின்றிப் பெரிய வாத்தியக் குழுவில் ஒலிக்க வேண்டுமாயின் தந்தியை ஓங்கி அடிக்க வேண்டும். ஓங்கி அடித்த தந்தி அகன்று ஆடும். அகன்று ஆட உயரம் வேண்டும். கவுண்ட் பேசியின் குழுவில் 1937 முதல் 1987 வரை, ஐம்பது ஆண்டுகள், தாளம் காத்த ஃப்ரெடி கிரீன் மின்சாரத்தை நாடாதவர். அவருடைய கிதாரின் தந்திகள் மற்றவர் வாசிக்க இயலாத உயரத்தில் நின்றன என்பது இசையுலகம் அறிந்த செய்தி. அவர் காலத்தவரான சார்லி கிறிஸ்டியன், 1936-இல் கிப்சன் வெளியிட்ட இ.எஸ்-150 என்னும் மின்சாரக் கிதாரை ஏந்தி, 1939-இல் பென்னி குட்மன் குழுவிற் சேர்ந்தார். 1942-இல் இளவயதிலேயே மறைந்த அவர், ஊதுகருவிக்கு இணையாகத் தனிச் சுரக்கோவைகளை விரைந்து வாசித்துக் காட்டினார். ஒலியைப் பெருக்கும் பொறுப்பை ஆம்ப்ளிஃபயர் ஏற்றுக்கொண்டதால் விரல் மென்மையாக நடக்கலாயிற்று. மென்மையாக மீட்டிய தந்தி சிறிதே ஆடும். சிறிதே ஆடும் தந்தியை மெட்டுக்கு மிக அருகில் தாழ்த்தலாம். ஆனால் தந்தி தாழத் தாழ, தண்டியின் வளைவில் மயிரிழைப் பிழையும் பெரும்பிழையாகத் தெரியலாயிற்று. மின்சாரம் ஒரு சுமையை இறக்கி, வேறொரு நுட்பத்தை வேண்டி நின்றது.

அந்த நுட்பத்தை எளிமையாக்கியவர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் (1909–1991). அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது; பழுதுபார்ப்பவரின் கண்ணோடு அவர் கிதாரை நோக்கினார். எந்த உறுப்பு கெட்டாலும் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1950-இல் அவர் வெளியிட்ட கிதாரில் தண்டி ஒட்டப்படவில்லை. நான்கு திருகாணிகளால் உடலோடு பிணைக்கப்பட்டது. தண்டி முழுவதும் கடினமான மேப்பிள் மரம். அம்மரத்தின் உறுதியை நம்பி, உள்ளே திருத்தும் கம்பி தேவையில்லை என்று முதலிற் கருதினார். தந்திகள் அந்த நம்பிக்கையை மதிக்கவில்லை. கம்பியில்லாத தண்டிகளில் வளைவு கண்டது. அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே, பிராட்காஸ்டர் என்று பெயர் பெற்ற இருபிக்கப் கிதாரின் தண்டியில் கம்பி இடம்பெற்றது. முதுகுப்புறம் காடி வெட்டிக் கம்பியைப் புதைத்து, அதன்மேல் கருநிற மரச்சட்டத்தால் மூடினர். ஃபெண்டர் கிதார்களின் முதுகில் இன்றும் காணும் அந்தக் கரும்பட்டை, கடினமான மரமும் வளையும் என்ற பாடத்தின் தழும்பு எனலாம். அக்கிதாரே 1951-இல் டெலிகாஸ்டர் என்று பெயர் மாறி நிலைத்தது. அதன் குதிரையில் இரண்டிரண்டு தந்திகளுக்கு ஒன்றாக மூன்று தாங்கிகள் இருந்தன. 1954-இல் வந்த ஸ்டிராட்டோகாஸ்டரில் ஆறு தந்திகளுக்கும் ஆறு தாங்கிகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே உயர்த்தலாம், தாழ்த்தலாம். ஒரு குறையும் இருந்தது. கம்பியைத் திருகும் முனை தண்டியின் உடற்பக்கத்தில் மறைந்திருந்ததால், கால் சுற்றுத் திருப்பவும் தண்டியைத் தளர்த்திக் கழற்ற நேர்ந்தது.

கிப்சன் நிறுவனமும் பாடம் கற்றது. 1952-இல் இசைக்கலைஞர் லெஸ் பால் பெயரால் அது வெளியிட்ட கிதாரில் தண்டியின் சாய்வு போதவில்லை. குதிரைக்கு மேலாகத் தந்திகளைச் செலுத்தினால் அவை எட்டாத உயரத்தில் நின்றன. வேறு வழியின்றித் தந்திகளைக் குதிரைக்கு அடியிற் சுற்றிச் செலுத்தினர். அதனால் உள்ளங்கையைக் குதிரையின்மேல் ஊன்றி ஒலியைத் தணிக்கும் வழக்கமான முறை கைகூடவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் தண்டியின் சாய்வு கூட்டப்பட்டது. நிறுவனத்தின் தலைவர் டெட் மக்கார்ட்டியின் பெயரிற் காப்புரிமை பெற்ற டியூன்-ஓ-மேட்டிக் என்னும் புதிய குதிரை 1954-இல் லெஸ் பால் கஸ்டம் என்ற கிதாரில் தோன்றியது. தண்டியின் வளைவு, தண்டியின் சாய்வு, குதிரையின் உயரம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை; ஒன்றை மட்டும் திருத்தி மற்றவற்றை மறந்தால் பயன் இல்லை என்பதே அந்த 1952-ஆம் ஆண்டுக் கிதார் புகட்டிய பாடம்.

இறுதியாகத் தந்தியும் மாறியது. 1950-களில் கடைகளிற் கிடைத்த தந்திக் கட்டுகள் தடித்தவை. சுரத்தை வளைத்து இழைக்க விரும்பிய சிலர் மெல்லிய பாஞ்சோத் தந்திகளை வாங்கிப் பூட்டிக்கொண்டனர். 1962-இல் கலிபோர்னியாவில் எர்னி பால் என்பவர், முதல் தந்தி 0.010 அங்குலமே தடித்த மெல்லிய கட்டை ஸ்லிங்கி என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். தந்தி மெலிந்தால் இழுப்புக் குறையும். இழுப்புக் குறைந்தால் தண்டி பின்னோக்கி நிமிரும். தந்தியின் கனத்தை மாற்றுகிறவர் தண்டியையும் மீண்டும் பார்க்க வேண்டும் என்பது அப்போதிலிருந்து வழக்காயிற்று.

இனி, இவ்வரலாறு நமக்கு விட்டுச்சென்ற முறையைச் சுருக்கமாகக் காண்போம். முதலில் வழக்கமான தந்திகளைப் பூட்டி, வழக்கமான சுருதியிற் கூட்டிக்கொள்ள வேண்டும். தளர்ந்த தந்தியோடு அளப்பது வீண். அடுத்து, ஆறாம் தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருசேர அழுத்திப் பிடிக்க வேண்டும். முதல் மெட்டில் கேப்போ என்னும் கவ்வியைப் பூட்டினால் ஒரு கை மிச்சம். இப்போது அந்தத் தந்தியே நேரான அளவுகோல். எட்டாம் மெட்டின் அருகே தந்திக்கும் மெட்டுக்கும் இடையே எவ்வளவு வெளி இருக்கிறதோ அதுவே உள்வளைவு. மோட்டார் பட்டறைகளில் வழங்கும் ஃபீலர் கேஜ் என்னும் தகடுகளால் இதனை அளக்கலாம். ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்டுள்ள அளவு 0.010 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர். விரற்பலகை மிகவும் உருண்ட பழைய பாணிக் கிதார்களுக்கு 0.012 அங்குலம்.

வெளி மிகுந்திருந்தால் கம்பியின் நட்டை வலஞ்சுழியாக இறுக்க வேண்டும். வெளியே இல்லாவிட்டால் இடஞ்சுழியாகத் தளர்த்த வேண்டும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. திருப்பியபின் மீண்டும் சுருதி கூட்டி, மீண்டும் அளக்க வேண்டும். நட்டு இறுகி மறுத்தால் அங்கே நிறுத்திவிடுவதே அறிவுடைமை. உள்ளே கம்பி முறிந்தால் அதனை மாற்றுவது பெரும் செலவும் பெரும் வேலையும் ஆகும். நட்டின் வாய்க்கு அளவான சாவியையே பயன்படுத்த வேண்டும்; பொருந்தாத சாவி நட்டின் விளிம்பை மழுக்கிவிடும்.

உள்வளைவு சரியானபின்னரே தந்தி உயரத்தைத் தொட வேண்டும். குதிரையின் தாங்கிகளை உயர்த்தியும் தாழ்த்தியும் இது செய்யப்படும். ஃபெண்டர் முறையில் 17-ஆம் மெட்டின் மேல் 4/64 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர். கிப்சன் முறையில் 12-ஆம் மெட்டின் மேல் தடித்த ஆறாம் தந்திக்கு 5/64 அங்குலமும் மெல்லிய முதல் தந்திக்கு 3/64 அங்குலமும். இவை தொடக்க அளவுகளே. வன்மையாக மீட்டுபவர் சற்று உயர்த்திக்கொள்வார்; மென்மையாக மீட்டுபவர் தாழ்த்திக்கொள்வார். கடைசியாக மேருவைக் காண்க. மூன்றாம் மெட்டில் தந்தியை அழுத்தும்போது முதல் மெட்டின்மேல் ஒரு தாள் நுழையுமளவு வெளி இருந்தால் நன்று. அதற்கு மிகுந்தால், தொடக்க மாணவன் முதல் மெட்டில் படும் வேதனைக்கு அதுவே காரணம். ஆயினும் மேருவின் காடியை அராவுதல் தேர்ந்த கைக்குரிய வேலை. அராவியதை மீண்டும் வளர்க்க இயலாது.

கரகரப்பு எங்கே எழுகிறது என்பதும் ஒரு குறிப்பு. தலைப்பக்கத்து முதற் சில மெட்டுகளில் மட்டும் எழுந்தால், உள்வளைவு போதவில்லை என்று ஐயுறலாம். உடற்பக்கத்து மெட்டுகளில் எழுந்தால், குதிரை மிகத் தாழ்ந்திருக்கலாம். ஒரே ஒரு மெட்டில் மட்டும் எழுந்தால், அந்த மெட்டோ அதன் அடுத்த மெட்டோ சமமின்றி இருக்கலாம். அதற்குக் கம்பியைத் திருகுவது மருந்தன்று.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர்க்கு இதில் தனியே ஒரு செய்தி உண்டு. சென்னையின் கடற்காற்றில் பழகிய கிதார், தில்லியின் வறண்ட கோடைக்கு வந்தால் அதன் மரம் ஈரத்தை இழக்கிறது. மழைக்காலம் வந்தால் மீண்டும் ஈரத்தை உறிஞ்சுகிறது. அப்போது தண்டி எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்பதற்கு ஒரே விதி இல்லை. மரத்துக்கு மரம் வேறுபடும். அளந்து பார்ப்பதே வழி. இடம் மாறிய வாத்தியத்தைச் சில நாள் புதிய ஊரின் காற்றில் இருக்கவிட்டு, அதன்பின் அளப்பது நலம். பருவம் மாறும்போது மீண்டும் ஒரு முறை பார்த்தால் போதும்.

இந்தக் கலையும் நம் மரபும் சந்தித்த ஓரிடத்தையும் கூறாமல் முடிப்பது முறையன்று. ஆங்கிலேயக் கிதார்க் கலைஞர் ஜான் மக்லாக்லின், அமெரிக்காவில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். 1970-களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி என்னும் குழுவில் வாசித்தபோது, அவருடைய கிதாரின் விரற்பலகை மெட்டுக்கு மெட்டு இடையே குடைந்தெடுக்கப்பட்டிருந்தது. வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதால், தந்தியை அழுத்தியும் இழுத்தும் கமகம் பிறப்பிக்கலாம். கிதாரின் மெட்டை உயர்த்த இயலாதபோது, மெட்டின் இடையே உள்ள மரத்தைத் தாழ்த்தினால் அதே பயன் கிட்டும் அன்றோ? மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின்சார மாண்டலினில் ஐந்து தனித் தந்திகள் பூட்டிக் கருநாடக இசையை நுட்பமாக வாசித்ததும் இந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. மெட்டும் தந்தியும் தாமாக இசையை வகுப்பதில்லை. எந்த இசை வேண்டுமோ அதற்கேற்ப அவற்றை மனிதன் அமைத்துக்கொள்கிறான்.

மக்ஹியூ புதைத்த கம்பி வெளியே தெரிவதில்லை. கச்சேரியில் யாரும் அதனைப் பற்றிப் பேசுவதும் இல்லை. ஆயினும் மரம் வளையும் என்பதை மறுக்காமல் ஏற்று, வளைந்ததை நிமிர்த்தும் வழியையும் வாத்தியத்தின் உள்ளேயே வைத்துச் சென்ற அறிவு அதில் இருக்கிறது. அந்த வழி வாசிப்பவர் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. உங்கள் இல்லத்துக் கிதார் பரண்மேல் இருக்குமாயின், அதனைக் கீழே இறக்குங்கள்; துடைத்து, சுருதி கூட்டி, எட்டாம் மெட்டின்மேல் உள்ள வெளியை அளந்து பாருங்கள்; ஐயமிருந்தால் அனுபவமுள்ள வினைஞர் ஒருவரிடம் காட்டுங்கள். பிள்ளைக்குச் சங்கீதம் வருமா வராதா என்ற தீர்ப்பை அதற்குப்பின் சொல்லலாம்.